பூனை ஜெயித்த பத்து நாள்

வரதராசன்பேட்டை ஞானப்பிரகாசத்துக்குக் கல்யாணமான எட்டு வருஷத்தில் நான்கு வேலை போயிருந்தது. ஆள் சோம்பேறியா என்றால் அதெல்லாம் இல்லை. எடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்வார். ஆனால் கொஞ்ச நாளில் எங்கேயோ யாரோ ஒருவர் முகம் வாடுவது அவர் கண்ணில் பட்டுவிடும். அன்றோடு அந்த வேலைக்குச் சனி பிடித்துவிடும்.

முதல் வேலை கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இன்ஸ்பெக்டர் வந்து மூன்றாம் வகுப்பில் மனக்கணக்குக் கேட்டபோது, பதில் தெரியாமல் உதடு துடித்து நின்ற ஒரு பெண் குழந்தைக்கு, இவர் இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று ஏழு விரலை விரித்துக் காட்டினார். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்துவிட்டார். அடுத்தது முந்திரி மண்டி. எடைக்கல்லில் கோளாறு இருக்கிறது என்பதை, கொட்டை விற்க வந்த கிழவரிடமே போய்ச் சொன்னால் எந்த மண்டிக்காரர் வைத்துக்கொள்வார்? அதன் பிறகு திருச்சியில் இரண்டு சினிமாக் கொட்டகைகள். படம் ஓட்டும் தொழிலைக் கற்றது அங்கேதான். கற்ற கையோடு, வேலை நேரத்தில் தூங்கிப்போன, கொட்டகைக்குக் கரண்ட் கொடுக்கும் என்ஜின் டிரைவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து ஒன்றை இழந்தார். இன்னொன்றை எப்படி இழந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்க வேண்டாம். அதுவும் இதே மாதிரிதான் இருக்கும்.

ஐந்தாவதாகக் கிடைத்தது ஜெயங்கொண்டத்தில் குருநாதன் முதலாளியின் டூரிங் டாக்கீஸ். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, பின்னால் கொஞ்சம் பெஞ்சு, அதற்கும் பின்னால் தகரம் அடித்த ஆபரேட்டர் அறை. வேலையில் சேரப் பெட்டியைத் தூக்கியபோது மனைவி அமலோற்பவமேரி வாசல்வரை வந்தாள்.

“இந்தாங்க. அங்க யாரு அழுதாலும் சிரிச்சாலும் நீங்க மிஷினை மட்டும் பாருங்க. இதையும் வுட்டுட்டு வந்தீங்கன்னா, அப்புறம் எந்தக் கொட்டகைக்காரனும் உங்களைக் கூப்புட மாட்டான். ரெண்டு புள்ளைங்களை வச்சிக்கிட்டு நான் எங்க போவேன், சொல்லுங்க?”

“மிஷினை மட்டும் பாக்குறேன் மேரி,” என்றார் ஞானப்பிரகாசம். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னார்.

ஆறு மாதம் சொன்ன சொல் தவறவில்லை. நாற்பத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில்தான் அந்த எலி வந்து சேர்ந்தது.

யுத்தம் நடந்தவரை, பெரிய படத்துக்கு முன்னால் யுத்தச் செய்திப் படம் ஓடும். பீரங்கி வெடிப்பதற்குள் சுற்றுப்பட்ட கிராமத்து வண்டிகளெல்லாம் வந்து சேர்ந்துவிடும். யுத்தம் ஓய்ந்ததும் அது நின்றுபோயிற்று. பத்து நிமிஷம் காலியாகக் கிடந்தது. வண்டிக்காரர்கள் வருமுன் பெரிய படத்தைத் தொடங்கினால், வந்தவர்கள் முதலிலிருந்து போடச் சொல்லிச் சண்டைக்கு நிற்பார்கள். அதனால் படக் கம்பெனியார், முதல் ஆட்டத்துக்கு முன்னால் மட்டும் போட, பதினான்கு நாளைக்கு ஒரு ரீல் பொம்மைப் படத்தைப் பெட்டியில் சேர்த்து அனுப்பினார்கள். சீமையில் வரைந்து எடுத்தது. ஒரு கறுப்புப் பூனை, கட்டைவிரல் உயரத்தில் ஒரு சுண்டெலி, ஒரு பெரிய பங்களா. அவ்வளவுதான் கதை.

பூனை எலியைத் துரத்தும். எலி பூனையின் வாலில் இஸ்திரிப் பெட்டியைப் போடும். பூனை வாணலியில் மோதித் தட்டையாகும். ஒரு கட்டத்தில் பூனை எலியைக் கவ்விப் பிடித்து, ‘டப்’பென்று வாயை மூடிக்கொண்டு, காதுவரை சிரிக்கும். அத்தோடு எலியின் கதை முடிந்தது என்று நாம் நினைக்கும்போது, உள்ளே ‘கீச்’ என்று சத்தம் கேட்கும். எலி வாய்க்குள்ளேயே நெருப்புக்குச்சி கிழித்து, பல் இடுக்கில் வெளிச்சம் காட்டி, நாக்கைச் சுட்டுவிட்டு வெளியே குதிக்கும். கடைசியில் வீட்டு எஜமானி துடைப்பத்தால் பூனையை அடித்துத் தெருவில் தள்ள, எலி பூனையின் மெத்தையில் கால்மேல் கால் போட்டுப் படுக்கும்.

சீமையில் இதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். ஜெயங்கொண்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் முதல் நாள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் நாள் கத்தினார்கள். மூன்றாம் நாள் திரையின்மேல் மணல் விழுந்தது.

அவர்கள் கோபத்தையும் குறை சொல்ல முடியாது. அந்த வருஷம் எலி அப்படி. களத்தில் எலி, குதிரில் எலி, கடலைக் கொடிக்குக் கீழே எலி. பூனை வளர்த்துப் பார்த்தார்கள், பொறி வைத்துப் பார்த்தார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான் பாக்கி. கொட்டகை நின்ற இடத்துக்குச் சொந்தக்காரர் அய்யாக்கண்ணு. நஞ்சையும் புஞ்சையுமாக ஊரில் பெரிய குடித்தனம். மூன்றாம் நாள் இடைவேளையில் அவர் குருநாதனைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன்யா, வெளஞ்சதுல பாதியை சர்க்கார் அளந்துக்கிட்டுப் போயிட்டான். மீதியை எலி தின்னுட்டுப் போயிட்டுது. வூட்டுல எலி ஜெயிக்கிறது பத்தாதுன்னு, டிக்கெட் வாங்கி வந்து இங்கேயும் அது ஜெயிக்கிறதைப் பாக்கணுமா? அந்தப் பூனை என்ன பாவம் பண்ணிச்சு? நாயமா அதுதானே ஜெயிக்கணும்?”

இடத்துக்கான ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதும் மறுப்பதும் அய்யாக்கண்ணு கையில். குருநாதன் ஓட்டமாக ஆபரேட்டர் அறைக்கு வந்தார்.

“ஏம்ப்பா ஞானம், அந்த எலியை என்னமாச்சும் பண்ணு.”

“எலியை நான் என்ன மொதலாளி பண்றது? அது படம்.”

“வெட்டத் தெரியுமில்ல? ஒட்டத் தெரியுமில்ல? பூனையை ஜெயிக்க வை. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும்போது பழையபடி ஒட்டிப்புடலாம்.”

வேலையை நினைத்தார், அமலோற்பவமேரியை நினைத்தார், கத்திரிக்கோலை எடுத்தார் ஞானப்பிரகாசம். பூனை வாயை மூடிச் சிரிக்கும் இடத்தில் ஒரு வெட்டு. அதன் பிறகு வந்த நெருப்புக்குச்சி, துடைப்பம், மெத்தை எல்லாம் சுருளாக ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போயின. கடைசியில் வரும் ‘தி எண்ட்’ என்ற இங்கிலீஷ் எழுத்தைக் கொண்டுவந்து பூனையின் சிரிப்போடு ஒட்டினார். ஓரத்தைப் பிளேடால் சுரண்டி, பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி, பத்து எண்ணுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. உலகத்தில் ஒரு நியாயத்தை மாற்றி எழுத இவ்வளவு குறைந்த பசை போதும் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

நான்காம் நாள் பூனை ஜெயித்தது. கொட்டகை கிழிந்துவிடும் போல விசில். தலைத்துண்டுகள் மேலே பறந்தன. பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து நின்று, “போடு! அப்படிப் போடு!” என்று தொடையைத் தட்டினார். சேதி ஆண்டிமடம்வரை போயிற்று. ஜெயங்கொண்டத்தில் பூனை எலியைத் தின்கிற படம் ஓடுகிறது என்று வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பெரிய படத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குருநாதன் வெற்றிலை மடித்துத் தன் கையாலேயே ஞானப்பிரகாசத்துக்குக் கொடுத்தார்.

எல்லாம் சரி. ஆனால் ஒன்று குறைந்தது, அது ஞானப்பிரகாசத்தின் காதுக்கு மட்டும் தெரிந்தது. முதல் மூன்று நாளும், ஊரே உறுமிக்கொண்டிருந்தபோது, பெண்கள் பக்கத்து மணல் தரையின் கோடியிலிருந்து ஒரே ஒரு சிரிப்புக் கேட்கும். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் விக்கலோடு வெடிக்கிற சிரிப்பு. எலி வெளியே குதிக்கும்போது சரியாக வரும். யாரென்று அவருக்குத் தெரியாது. இப்போது விசிலுக்கு நடுவில் அதைத் தேடினார். அது நான்காம் நாள் இல்லை, ஐந்தாம் நாள் இல்லை, அதன் பிறகும் இல்லை.

பதின்மூன்றாம் நாள் மதியம், அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தகரக் கதவருகில் நிழல் தட்டியது. ரெங்கம்மாள். கொட்டகையைக் கூட்டி, கடலைத் தொலியும் வெற்றிலை எச்சிலுமாகக் கிடக்கும் மணலைச் சலித்து, தண்ணீர் தெளிப்பவள். அந்த வேலைக்கு இரண்டு பெண் குழந்தைகளோடு முதல் ஆட்டம் ஓசி. கையில் விளக்குமாற்றோடு உள்ளே வராமலே நின்றாள்.

“ஐயா, ஒன்னு கேட்டா கோவிச்சிக்க மாட்டீங்களே?”

“கேளும்மா. ஐயா கிய்யாவெல்லாம் வேணாம்.”

“அந்தப் பூனை வாயை மூடுதுங்களே, அதுக்குப் பெறவும் கீச்சுன்னு ஒரு சத்தம் கேக்குது. எல்லாரும் விசிலடிக்கிறாங்க, ஆனாலும் எனக்குக் கேக்குது. அப்ப அது உள்ளாற உசுரோடதானே இருக்குது?”

ஞானப்பிரகாசத்தின் கை நின்றுவிட்டது.

பேசும்படச் சுருளில் ஒலி ஓரமாகக் கோடு கோடாகப் பதிந்திருக்கும். ஒரு காட்சிக்கு உரிய ஒலி அந்தக் காட்சிக்கு நேராக இராது. இருபது படக்கட்டம் முன்தள்ளியே இருக்கும். அதனால் வெட்டியவர் படத்தைத்தான் வெட்டினார். அடுத்த காட்சியின் ஒலி ஒரு நொடி அளவு மிச்சம் ஒட்டிக்கொண்டது. எழுத்து வரும்போது எலியின் ‘கீச்’ மட்டும் கேட்கும். அவருக்கு அது ஒட்டிய அன்றே தெரியும். இந்த இரைச்சலில் யார் காதில் விழப்போகிறது என்று விட்டுவிட்டார்.

“மொத மூணு நாளும் வெளிய வந்துச்சே. ஒம்போது நாளா உள்ளயே கெடக்குதுங்க. பெரியவ ராத்திரியில கேக்குறா, அதுக்கு மூச்சு முட்டாதான்னு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.”

“அது வெறும் பொம்மைம்மா. வரைஞ்சது.”

“தெரியுங்க.” அவளுக்குத் தெரியும்தான். பாவம், அதற்காக அவள் முகம் மாறிவிடவில்லை. “எலின்னா எல்லாருக்கும் ஆவாது. எங்களுக்கு அப்படி இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு மலாயாவுக்குப் போனவரு, ஜப்பான்காரன் வந்ததுலேருந்து கடுதாசி இல்ல. அறுப்பு முடிஞ்சதும் வயல்ல எலி வளை வெட்டுவேன். உள்ள கதிரு கதிரா அடுக்கி வச்சிருக்கும் பாருங்க, நம்ம கூட அப்படி அடுக்க மாட்டம். பாதி எடுத்துக்கிட்டு பாதியை வுட்டுட்டு மண்ணைத் தள்ளிருவேன். அதுக்கும் குட்டி இருக்குமில்ல. போன வருசமும் இந்த வருசமும் எம்புள்ளைங்க ரெண்டும் உசுரோட இருக்குதுன்னா, அந்தக் கதிருலதான். எங்களுக்குப் படியளந்தவரு யாருன்னு கேட்டா, நான் வேற யாரைச் சொல்றது?”

சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டுச் சிரித்தாள். விக்கலோடு வரும் சிரிப்பு. ஞானப்பிரகாசத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

“நாளைக்கு வெளிய வருங்களா?” என்று கேட்டாள்.

“பாக்குறேம்மா,” என்றார்.

அன்று மாலையும் பூனைதான் ஜெயித்தது, பத்தாவது தடவையாக. எழுத்து விழுந்தது. விசிலுக்கு அடியில் ‘கீச்’ கேட்டது. இத்தனை நாள் அவர் காதில் போட்டுக்கொள்ளாத அந்தச் சத்தம் இப்போது தகரச் சுவரில் முட்டி முட்டி வந்தது. பொம்மை என்று அவளுக்குச் சொன்னவரே தனக்குத்தானே அதைச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

மறுநாள் பதினான்காம் நாள், கடைசி நாள். அதற்கு அடுத்த காலை முதல் பஸ்ஸில் பொம்மைப் படம் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். மத்தியானமே குருநாதன் வந்து சொல்லிவிட்டார்.

“அய்யாக்கண்ணு இன்னைக்குச் சம்பந்தி வூட்டுக்காரங்களை அழைச்சிட்டு வரார். எங்க ஊருல பூனைதான் ஜெயிக்கும், வந்து பாருங்கன்னு ஆண்டிமடம் பூரா சொல்லி வச்சிருக்கார். ஆட்டம் முடிஞ்சதும் ஒப்பந்தத்துல கையெழுத்து. ஏதாச்சும் கோளாறு பண்ணினே, உன்னை இங்க வச்சிக்க முடியாது. வெளிப்படையாவே சொல்லிப்புட்டேன்.”

“ஒட்டி அனுப்பணுமே மொதலாளி?”

“ஆட்டம் முடிஞ்ச பெறவு ஒட்டு. யாரு வேணாம்னா?”

நியாயமான பேச்சு. முதலில் பூனை ஜெயிக்கட்டும், அப்புறம் எலியை ஒட்டிக் கம்பெனிக்கு அனுப்பலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஞானப்பிரகாசமும் அப்படித்தான் செய்வதாக இருந்தார். விளக்குக்கான கார்பன் குச்சிகளை எடுத்து வைத்தார். இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டார். வெளியே ரெங்கம்மாள் மணலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் பெரிய பெண் வெள்ளைத் திரைக்கு அடியில் போய் நின்று, அதன் கீழ் ஓரத்தைத் தூக்கி, பின்னால் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

என்னைக் கேட்டால், அந்த மனுஷனை அப்போதே யாராவது கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். அமலோற்பவமேரி இருந்திருந்தால் டின்னையே பிடுங்கியிருப்பாள். வரதராசன்பேட்டையில் இரண்டு பிள்ளைகள் இவர் அனுப்பும் காசில்தான் சாப்பிடுகின்றன. இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஓரத்தைச் சுரண்டினார். பசை இரண்டு தடவை வழிந்து, மூன்றாம் தடவை பிடித்தது.

மாலை கொட்டகை நிரம்பியது. முதல் பெஞ்சில் அய்யாக்கண்ணு, பக்கத்தில் ஆண்டிமடத்துச் சம்பந்தி, சரிகை வேட்டியும் கனத்த மீசையுமாக. பூனை துரத்த ஆரம்பித்ததுமே அய்யாக்கண்ணு சம்பந்தியின் முழங்காலைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். “பாருங்க... இப்பப் பாருங்க... இந்தா, புடிச்சிருச்சு!” பூனை வாயை மூடியது. விசில் கிளம்பியது.

‘கீச்.’

பல் இடுக்கில் வெளிச்சம். விசில் பாதியில் நின்றது. நெருப்புக்குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எலி பூனையின் நாக்கில் நடந்து வந்தது. பெண்கள் பக்கத்து மணலிலிருந்து ஒரு சிறு பிள்ளை கத்தியது: “அம்மா, வந்துட்டுது!” அதோடு அந்த விக்கல் சிரிப்பு வெடித்தது. அதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற சனம் அத்தனையும் மணலில்தான் உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் பெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து விசிலடித்த அதே சனம் இப்போது கையைத் தட்டிச் சிரித்தது. துடைப்பம் பூனையின் முதுகில் விழுந்தபோது சம்பந்தியின் மீசையும் குலுங்கியது. அவர் அய்யாக்கண்ணுவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, “என்ன சம்பந்தி, உங்க ஊருப் பூனைக்கு வாரியலடியா?” என்றார்.

அய்யாக்கண்ணு எழுந்து வெளியே போனார்.

முதல் இடைவேளையில் குருநாதன் ஆபரேட்டர் அறைக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஞானப்பிரகாசத்துக்கு.

“உன்னை அனுப்பினாத்தான் எடம் தருவாராம்.”

“படம் முழுசாத் திரும்பிப் போகணுமேன்னு ஒட்டினேன் மொதலாளி.”

“ஆட்டம் முடிஞ்ச பெறவு ஒட்டியிருக்கலாமில்ல?”

“ஒட்டியிருக்கலாம்,” என்றார் ஞானப்பிரகாசம்.

குருநாதன் கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது, கொட்டகை இருக்கிறது. “இந்த ஆட்டத்தை முடிச்சுக் குடுத்துடு. ரெண்டாவது ஆட்டத்தை என்ஜின் டிரைவர் பாத்துக்குவான். காலைல பெட்டியை நீயே அரியலூருல சேத்துட்டு, அப்படியே ஊருக்குப் போயிடு,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பெரிய படத்தின் மிச்ச ரீல்களை ஞானப்பிரகாசம் ஒரு கோளாறும் இல்லாமல் ஓட்டினார். ஆட்டம் விட்டது. சனம் கலைந்தது. அவர் பொம்மைப் பட ரீலைச் சுற்றிப் பெட்டியில் வைத்து, வாரைப் போட்டு இறுக்கினார். தன் டிரங்குப் பெட்டியையும் கட்டி அதன் பக்கத்தில் வைத்தார். அமலோற்பவமேரியிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். முகத்தைக் கழுவலாம் என்று கதவைத் திறந்தபோது ரெங்கம்மாள் நின்றிருந்தாள். தோளில் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தாள்.

“அண்ணே, வெளிய வந்துட்டுது, பாத்தீங்களா!” என்றாள் ரெங்கம்மாள், அவருக்குச் சேதி சொல்கிறவளைப் போல. ஐயா அண்ணனாக மாறியது அவள் வாய்க்கே தெரியவில்லை. “எவ்ளோ நாளு உள்ள கெடந்துச்சு! எப்படித்தான் தம் கட்டிக்கிட்டு இருந்துச்சோ.”

“பாத்தேம்மா.”

“இந்தச் சின்னவ கண்ணு முழிக்கல, தூங்கிப்புட்டா. பெரியவ சொல்லச் சொல்ல ஒரே அழுகை, அழுதுட்டு இப்பத்தான் மறுபடி தூங்குறா. நாளைக்குப் பகல்லயே தூங்க வச்சுக் கூட்டியாரேன். நாளைக்கும் அது வெளிய வந்துரும்ல அண்ணே?”

அவர் கதவைக் கொஞ்சம் சாத்தினாற்போல் நின்றுகொண்டார், உள்ளே இருந்த இரண்டு பெட்டியும் அவள் கண்ணில் படாதபடி.

“வந்துரும்மா,” என்றார் ஞானப்பிரகாசம். “கூட்டிட்டு வா.”